கவனக்குறைவு எப்போது குற்றமாகிறது? இங்கிலாந்துச் சட்டத்தின் ஆறு படிகள்

2012 பிப்ரவரியில் இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் ஒரு சிறுவனைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனார்கள். வழக்கமான பரிசோதனைதான். பரிசோதித்த ஆப்டோமெட்ரிஸ்ட், ரோஸ் என்பவர், கண்ணின் உட்பகுதியைப் பார்க்க வேண்டிய முறையில் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பார்வை நரம்பு முகப்பு வீங்கியிருப்பது கண்ணில் பட்டிருக்கும். மூளையில் நீர் கோத்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்து, உடனே மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பார். ஐந்து மாதம் கழித்து அந்தச் சிறுவன் இறந்துபோனான்.

2016இல் ஜூரி, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு, அவரைக் குற்றவாளி என்றது. நிறுத்தி வைக்கப்பட்ட இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2017 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. கடமையில் தவறினார் என்பதை அந்த நீதிமன்றம் மறுக்கவில்லை. அந்தத் தவறு இல்லாவிட்டால் பையன் பிழைத்திருக்க வாய்ப்புண்டு என்பதையும் மறுக்கவில்லை. அப்படியிருந்தும் ஏன் விடுவித்தார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தால், இங்கிலாந்துச் சட்டம் ‘கிராஸ் நெக்லிஜென்ஸ் மேன்ஸ்லாட்டர்’ என்று சொல்லும் குற்றம் புரிந்துவிட்டது என்று அர்த்தம். தமிழில் சொல்வதானால், மிகக் கடுமையான கவனக்குறைவால் ஓர் உயிர் போகக் காரணமான குற்றம். கொல்லும் எண்ணம் வேண்டாம், காயப்படுத்தும் எண்ணம்கூட வேண்டாம். ஆனாலும் அதிகபட்சத் தண்டனை ஆயுள் சிறை.

சட்ட மாணவர்களும் சரி, செய்தி படிப்பவர்களும் சரி, இதைக் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். ஒரு குழந்தை இறந்திருக்கிறது, ஒருவர் தவறு செய்திருக்கிறார், ‘இது மன்னிக்கக்கூடிய தவறா?’ என்று நேராக அங்கே போய்விடுகிறார்கள். அது ஆறாவது படி. அதற்கு முன் ஐந்து படிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் ஏறித்தான் ஆக வேண்டும். ஒன்றில் கால் வைக்க முடியவில்லை என்றாலும் வழக்கு அங்கேயே முடிந்தது. வழக்குகள் பெரும்பாலும் உடைவது ஆறாவதில் அல்ல, மூன்றிலும் நான்கிலும் ஐந்திலும்தான் என்பது என் கணிப்பு.

ஏறும் முன்: இந்தச் சட்டம் எங்கே இருக்கிறது

எந்தச் சட்டப் புத்தகத்தின் எந்தப் பிரிவிலும் இந்தக் குற்றத்துக்கு வரையறை கிடைக்காது. நீதிபதிகள் தீர்ப்பு தீர்ப்பாகக் கட்டிய பொதுச்சட்டம் இது. 1925இல் பேட்மேன் என்ற மருத்துவரின் வழக்கில், நஷ்டஈடு கொடுத்துத் தீர்க்கக்கூடிய அலட்சியம் வேறு, அரசே தண்டிக்க வேண்டிய அலட்சியம் வேறு என்று கோடு போட்டார்கள். 1937இல் ஆண்ட்ரூஸ் வழக்கு அதை உறுதிசெய்தது. நடுவில் கொஞ்சம் குழப்பம். 1994இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, அடோமாகோ வழக்கில் அதைத் தீர்த்து வைத்தது.

அடோமாகோ ஒரு மயக்க மருந்து நிபுணர். 1987இல் ஒரு கண் அறுவைச் சிகிச்சையின் நடுவே நோயாளிக்கு ஆக்சிஜன் போகும் குழாய் கழன்றுவிட்டது. நாலரை நிமிடம் கழித்து அலாரம் அடித்தது. அதன் பிறகும் அவர் குழாயைப் பார்க்கவில்லை; நோயாளியின் இதயம் நின்ற பிறகுதான் குழாய் கழன்றது தெரிந்தது. தகுதியுள்ள எவரும் 15 விநாடிகளில் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று ஒரு நிபுணர் சாட்சி சொன்னார். குற்றத்தீர்ப்பு நிலைத்தது. இந்தக் குற்றத்தைப் பற்றிப் பேசும் யாரும் இன்றும் இந்த வழக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

பிறகு வந்த வழக்குகளையெல்லாம் சேர்த்து, 2020இல் ப்ராட்டன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆறு கூறுகளாக வரிசைப்படுத்தியது. கீழே வருவது அந்த வரிசை. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தின் சட்டம் தனி.

படி 1: இறந்தவர்மீது இவருக்குக் கவனக் கடமை இருந்ததா?

மருத்துவர்–நோயாளி, முதலாளி–தொழிலாளி, பெற்றோர்–குழந்தை என்றால் யோசிக்கவே வேண்டாம். ஒப்பந்தத்தாலும் கடமை வரும். 1902இல் பிட்வுட் என்ற ரயில்வே கேட் காவலாளி கேட்டை மூடாமல் போய்விட, வண்டியில் வந்தவர் ரயிலில் அடிபட்டு இறந்தார். ‘என் ஒப்பந்தம் ரயில்வே கம்பெனியோடுதான், வண்டிக்காரரோடு இல்லை’ என்ற வாதம் எடுபடவில்லை.

சிக்கல் வருவது, ஒன்றும் செய்யாமல் இருந்தவர் விஷயத்தில். தெருவில் ஒருவர் விழுந்து கிடக்கிறார், நீங்கள் பார்த்தும் பார்க்காமல் நடந்து போய்விட்டீர்கள். நம் ஊரில் அதை மனுஷத்தனம் இல்லை என்பார்கள். இங்கிலாந்துச் சட்டத்தில் அது குற்றமில்லை, ஏனென்றால் கடமை இல்லை. ஆனால் ஆபத்தை உண்டாக்கியதில் உங்களுக்கும் பங்கு இருந்தால் கதை மாறுகிறது. 2009இல் தீர்ப்பான எவன்ஸ் வழக்கில், ஒரு பெண் தன் தங்கைக்கு (தாய் ஒருவர், தந்தை வேறு) ஹெராயின் வாங்கிக் கொடுத்தார். 16 வயதுப் பெண் அவள். அதிக அளவு எடுத்துக்கொண்டதன் அறிகுறிகள் தெரிந்தன. போலீஸ் வந்துவிடுமோ என்ற பயத்தில் அக்கா ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை; தங்கை இறந்துபோனாள். அக்கா என்பதற்காக மட்டும் கடமை வந்துவிடவில்லை. உயிருக்கு ஆபத்தான நிலையை உண்டாக்குவதில் பங்கு இருந்து, அது தெரிந்தபின் (அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையில்) காப்பாற்ற நியாயமான முயற்சி எடுக்காததால்தான் வந்தது.

இன்னொரு வாதமும் தோற்றிருக்கிறது: ‘நாங்கள் இருவருமே சட்டவிரோத வேலையில் கூட்டாளிகள், அதனால் அவர்மீது எனக்குக் கடமை இல்லை.’ 2000 ஜூனில் டோவர் துறைமுகத்தில் தக்காளி ஏற்றிய ஒரு லாரிக்குள் 58 சீனர்கள் மூச்சுத் திணறி இறந்து கிடந்தார்கள். சத்தம் வெளியே கேட்காதிருக்க, காற்று வரும் ஒரே துவாரத்தை ஓட்டுநர் மூடியிருந்தார். சிவில் வழக்கில் அந்த வாதத்துக்கு இடமிருக்கலாம், குற்றவியலில் இல்லை என்று அந்த ஓட்டுநர் வாக்கர்மீதான வழக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

படி 2: அந்தக் கடமையை மீறினாரா?

இங்கே அளவுகோல் சாதாரணமானது. அதே இடத்தில், அதே வேலையில் இருக்கும் நிதானமான, தகுதியுள்ள ஒருவர் செய்திருப்பதைவிட இவர் தாழ்ந்து போனாரா? ‘நான் புதிது, அனுபவமில்லை’ என்ற சமாதானம் இங்கே உதவாது. செய்ததும் மீறலாகலாம், செய்யாமல் விட்டதும் மீறலாகலாம். இந்தப் படியில் பெரும்பாலும் நிபுணர் சாட்சியங்கள்தான் பேசும். மேலே போகலாம்.

படி 3: மீறிய அந்த நேரத்தில், மரணம் நேரும் ஆபத்து பெரிதாகவும் வெளிப்படையாகவும் இருந்ததா?

இந்த வாக்கியத்தில் நான்கு சொற்களைத் தனித்தனியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

‘மரணம்’. கை கால் போகும் ஆபத்து போதாது. பெரிய நோய் வரும் ஆபத்தும் போதாது. 2004இல் மிஸ்ரா வழக்கு இதைத் தெளிவாக்கியது. சவுதாம்ப்டனில் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஒருவருக்குக் கிருமித் தொற்று கடுமையாகி அவர் இறந்தார். காய்ச்சலும் ஏறும் நாடித்துடிப்பும் கண்ணெதிரே இருந்தும் கவனிக்காமல் விட்ட இரண்டு மருத்துவர்களின் தண்டனை நிலைத்தது. ‘ஏதோ பெரிய நோய் இருக்கலாம்’ என்பதும் ‘செத்துப்போகலாம்’ என்பதும் ஒன்றல்ல என்று 2016இல் ரட்லிங் வழக்கில் அழுத்தமாகச் சொன்னார்கள். அது ஒரு குடும்ப மருத்துவர்மீதான வழக்கு. அவர்மேல் குற்றம் நிற்கவில்லை.

‘பெரிது’ என்றால், எங்கோ ஒரு மூலையில் இருக்கும் வாய்ப்பு போதாது என்று பொருள். ‘வெளிப்படை’ என்றால் பார்த்த மாத்திரத்தில் முகத்தில் அறைவது. இன்னும் இரண்டு பரிசோதனை செய்தால் தெரிய வரும் என்ற ரகம் வெளிப்படை அல்ல. கடைசியாக, ‘அந்த நேரத்தில்’. பிரேதப் பரிசோதனை அறிக்கை கையில் வந்த பிறகு எல்லாமே வெளிப்படையாகத்தான் தெரியும்.

படி 4: அந்த ஆபத்தை அப்போதே முன்கூட்டி உணர்ந்திருக்க முடியுமா?

இது மூன்றாம் படியையே திரும்பக் கேட்பது போலத் தோன்றும். வித்தியாசம் இதுதான்: மூன்றாவதில் ஆபத்து உண்மையில் இருந்ததா என்று பார்க்கிறோம். நான்காவதில், இவர் நின்ற இடத்தில், இவருக்குத் தெரிந்த விவரங்களோடு நிற்கும் ஒரு நிதானமான மனிதருக்கு அது புலப்பட்டிருக்குமா என்று பார்க்கிறோம்.

இப்போது இப்ஸ்விச்சுக்குத் திரும்புவோம். அந்தச் சிறுவனுக்கு ஆபத்து இருந்தது உண்மை. ஆனால் பரிசோதனை அறையில் ரோஸ் கையில் இருந்த தகவல் என்ன? வழக்கமான பரிசோதனைக்கு வந்த ஒரு பையன், அவ்வளவுதான். கண்ணின் உட்புறத்தைப் பார்த்திருந்தால் வேறு தகவல் கிடைத்திருக்கும், அது நிஜம். ஆனால் ‘கடமையைச் செய்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்’ என்பதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, மீறிய நேரத்தில் உண்மையில் என்ன தெரிந்தது என்பதை வைத்தே அளக்க வேண்டும் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். விசாரணை நீதிபதி ஜூரிக்குச் சொன்னது இதற்கு நேரெதிர். தீர்ப்பு ரத்தானது அதனால்தான்.

சரி, இதில் ஓர் இடறல் இருக்கிறது. பார்த்தும் அலட்சியம் செய்தவர் மாட்டுகிறார். பார்க்கவே பார்க்காதவர் தப்புகிறார். என்னிடம் கேட்டால் இது சட்டத்தின் பலவீனமான இடம். ஆனால் மறுபக்கத்தையும் யோசியுங்கள். பார்க்காமல் விட்ட ஒவ்வொரு பரிசோதனைக்கும் பின்னால் ஒரு கொலைக்குற்றம் காத்திருக்கிறது என்றால், எந்த மருத்துவரும் நிம்மதியாக வேலை பார்க்க முடியாது. நீதிமன்றமும் அந்தக் கவலையைத் தீர்ப்பிலேயே சொன்னது. ரோஸ்மீது தொழில்முறை நடவடிக்கை எடுக்கலாம், நஷ்டஈடு கேட்கலாம். மேன்ஸ்லாட்டர் என்பது வேறு தளம்.

இரண்டு உணவக வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்தப் படி பளிச்சென்று விளங்கும். இரண்டிலும் நட்ஸ் ஒவ்வாமை உள்ள வாடிக்கையாளர் இந்திய உணவு வாங்கிச் சாப்பிட்டு இறந்தார். 2014இல் நடந்த முதல் சம்பவத்தில், உரிமையாளர் ஜமான் பாதாம் பொடிக்குப் பதில் வேர்க்கடலை கலந்த மலிவான பொடியை வாங்கத் தொடங்கியிருந்தார். மூன்று வாரம் முன்பு அவருடைய இன்னொரு கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு ஒவ்வாமை வந்து மருத்துவமனைவரை போயிருந்தது. அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். இறந்தவர் நட்ஸ் வேண்டாம் என்று சொல்லித்தான் ஆர்டர் செய்தார். ஆறு ஆண்டு சிறை, மேல்முறையீட்டிலும் நிலைத்தது. 2016 டிசம்பரில் நடந்த இரண்டாவது சம்பவத்தில், ஒரு சிறுமி தன் ஒவ்வாமையை இணைய ஆர்டரில் குறிப்பாக எழுதியிருந்தாள். கடையின் உரிமையாளர் குத்தூஸ் அன்று சமையலிலும் நின்றார். ஆனால் அந்தக் குறிப்பு அவர்வரை போய்ச் சேரவில்லை. 2019இல் அவருக்கு எதிரான தீர்ப்பு ரத்தானது. சமையலறையின் ஒழுங்கின்மை மோசமாகத்தான் இருந்தது. ஆனாலும் இந்தச் சாப்பாட்டைச் சாப்பிடப்போகிறவர் செத்துப்போகலாம் என்று தெரிய அவருக்கு வழி இல்லை.

படி 5: மீறல்தான் மரணத்துக்குக் காரணமா?

முழுக் காரணமாக இருக்க வேண்டியதில்லை. சொற்பத்துக்கு மேற்பட்ட பங்கு இருந்தால் போதும். கேட்க எளிது. ஆனால் ‘செய்யாமல் விட்ட’ வழக்குகளில் இந்தப் படி மிகச் செங்குத்தானது.

ப்ராட்டன் வழக்கே இதற்குச் சாட்சி. 2017இல் டோர்செட்டில் நடந்த ஒரு இசைத் திருவிழாவில் ஒருவர் தன் தோழிக்குப் போதைப் பொருள் கொடுத்தார். அவள் நிலை மோசமாகிக்கொண்டே போனது. மணிக்கணக்காகக் கூடவே இருந்தார், செல்பேசியில் படம் பிடித்தார், சில நூறு மீட்டர் தள்ளி இருந்த மருத்துவ முகாமுக்குக் கொண்டுபோகவில்லை. படிக்கவே மனம் கொதிக்கும் விவரங்கள். ஜூரி குற்றவாளி என்றது.

மேல்முறையீட்டில் வழக்கு ஒரு எண்ணில் சிக்கியது: 90 சதவீதம். குறிப்பிட்ட நேரத்துக்குள் சிகிச்சை கிடைத்திருந்தால் அவள் பிழைக்க 90 சதவீத வாய்ப்பு இருந்தது என்றார் நிபுணர். சிவில் வழக்கில் இது தாராளம். குற்றவியல் வழக்கிலோ, சிகிச்சை கிடைத்திருந்தால் அவள் அப்போது இறந்திருக்கமாட்டாள் என்று ஜூரி உறுதியாக நம்பியாக வேண்டும். ‘பிழைக்கும் வாய்ப்பைப் பறித்தார்’ என்பது வேறு, ‘உயிரைப் பறித்தார்’ என்பது வேறு. மற்ற சாட்சியம் எதுவும் அந்த இடைவெளியை நிரப்பவில்லை. தீர்ப்பு ரத்தானது.

அதனால் இப்படிப்பட்ட வழக்கைப் படிக்கும்போது முதலில் ஒரு காலக்கோடு போடுங்கள். எத்தனை மணிக்கு அறிகுறி தெரிந்தது, எத்தனை மணிக்கு உதவி வந்து சேர்ந்திருக்கும், எத்தனை மணிக்குமேல் காப்பாற்ற முடியாது. மூன்றாவது நேரம் இரண்டாவதைவிட முந்தியதாக இருக்கக்கூடும் என்ற நியாயமான சந்தேகம் இருந்தாலே போதும், வழக்கு அங்கே நின்றுவிடும்.

படி 6: தண்டனைக்குரிய அளவுக்கு மோசமா?

கடைசியில் ‘கிராஸ்’ என்ற அந்தச் சொல். தவறு போதாது. பெரிய தவறும் போதாது. உண்மையிலேயே விதிவிலக்காக மோசமானது, குற்றவியல் தண்டனை தேவைப்படும் அளவுக்குக் கண்டனத்துக்குரியது என்று ஜூரி கருத வேண்டும்.

‘குற்றமாகும் அளவுக்கு மோசமாக இருந்தால் குற்றம்’ என்பது வட்டமடிப்பதாயிற்றே என்று தோன்றுகிறதா? மிஸ்ரா வழக்கில் மருத்துவர்களின் வழக்கறிஞர்களும் இதையே கேட்டார்கள். சட்டம் தெளிவாக இருக்க வேண்டும் என்று சொல்லும் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 7ஆம் பிரிவையும் துணைக்கு அழைத்தார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஜூரி கேட்பது ‘இது குற்றமா?’ என்றல்ல, ‘இது மிகக் கடுமையான கவனக்குறைவா?’ என்று, ஆம் என்றால் குற்றம் தானாக வந்து சேர்கிறது என்றது. இந்த விளக்கம் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. ஆனால் சட்டம் இன்று இதுதான்.

நீதிபதி இந்தப் படியை ஜூரிக்குச் சரியாக விளக்காவிட்டாலும் தீர்ப்பு தங்காது. அறுவைச் சிகிச்சை நிபுணர் செல்லுவுக்கு 2013இல் இரண்டரை ஆண்டு சிறை விதித்தார்கள். கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஜூரிக்குப் போதுமான அளவு சொல்லப்படவில்லை என்று 2016இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. அதற்குள் அவர் சிறையிலிருந்து வெளியே வந்திருந்தார்.

மனநிலை பற்றி ஒரு வார்த்தை. குற்றம் சாட்டப்பட்டவர் மனதில் என்ன ஓடியது என்பதை நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று சவுத்தால் ரயில் விபத்தை ஒட்டி எழுந்த கேள்விக்கு 2000இல் பதில் சொன்னார்கள். ஆனால் இந்த ஆறாம் படியில் அது எடைபோடப்படலாம். ஆபத்து தெரிந்தே துணிந்தவருக்கும், 13 மணி நேர ஷிப்டில் ஓடிக்கொண்டிருந்த ஜூனியருக்கும் ஒரே அளவுகோலை ஜூரி வைத்தாக வேண்டியதில்லை. அந்த 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பு, பொறுப்பாளி என்று ஒரு மனிதரைச் சுட்டிக்காட்ட முடியாவிட்டால் கம்பெனியைப் பொதுச்சட்டத்தில் தண்டிக்க முடியாது என்றும் சொன்னது. அந்த ஓட்டையை அடைக்க வந்தது 2007ஆம் ஆண்டின் நிறுவன மேன்ஸ்லாட்டர் சட்டம். அது தனிக் கதை.

ஆறையும் ஏறிவிட்டால் தண்டனை. 2018 நவம்பர் முதல் நடப்பில் உள்ள வழிகாட்டுதல்கள் பொறுப்பை நான்கு நிலைகளாகப் பிரிக்கின்றன. தொடக்கப் புள்ளி மேல் நிலையில் 12 ஆண்டு, பிறகு 8, 4, கடைசி நிலையில் 2 ஆண்டு.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: இந்த ஆறு படிகளை அப்படியே உள்ளூர் வழக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். இங்கே கவனக்குறைவால் நேரும் மரணத்துக்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு வந்திருக்கிறது. மருத்துவர்கள் விஷயத்தில் கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருந்தால்தான் குற்றவியல் வழக்கு என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த எண்ணத்தில் ஒற்றுமை உண்டு, ஏணி வேறு.

ஒரு பயிற்சி

கற்பனையாக ஒன்று. லண்டனில் ஒரு வீட்டுக்காரர். வாடகைக்கு விட்ட வீட்டின் கேஸ் பாய்லரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்பது விதி. இரண்டு ஆண்டாகச் செய்யவில்லை. கார்பன் மோனாக்சைடு கசிந்து, குடியிருந்தவர் தூக்கத்திலேயே இறந்துபோனார்.

கடமை உண்டு. மீறலும் உண்டு. அந்த இரவில் ஆபத்து உயிர்போகும் அளவுக்கு இருந்தது. முதல் இரண்டு படிகளில் தகராறே இல்லை, மூன்றாவதில் ‘வெளிப்படை’ என்ற சொல் மட்டும் உறுத்துகிறது. இப்போது அவருக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். குடியிருந்தவர் ‘தண்ணீர் சரியாகச் சூடாகவில்லை’ என்று மட்டும் சொல்லியிருந்தால், ரோஸ் வழக்கின்படி வீட்டுக்காரரின் வழக்கறிஞர் இங்கேயே கதவை அடைத்துவிடுவார்: சோதித்திருந்தால் தெரிந்திருக்கும் என்பது கணக்கில் வராது. ‘பாய்லர் போட்டாலே தலை சுற்றுகிறது, வெளியே போனால் சரியாகிவிடுகிறது’ என்று எழுதியிருந்தால் வாதம் சூடுபிடிக்கும். போன வாரம் ஒரு கேஸ் இன்ஜினியர் வந்து ‘உடனடி ஆபத்து, பயன்படுத்தாதே’ என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போக, வீட்டுக்காரர் அதைக் கிழித்துவிட்டுப் புதுக் குடித்தனக்காரரிடம் சாவியைக் கொடுத்திருந்தால், நான்காம் படியில் அவருக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. பாய்லர் ஓடியதால்தான் மரணம் என்பதால் ஐந்தாம் படியில் 90 சதவீதத் தகராறும் எழாது. ஜூரி அறைக்குள் போவது ஆறாவது கேள்வி மட்டும்தான்.